பத்தாம் வகுப்பில் 318: பொறியியல் சேர்க்கையில் அது எங்கே கணக்காகும், எங்கே ஆகாது

கேள்வி இது: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500-க்கு 318. பிளஸ் ஒன் பள்ளித் தேர்வுகளில் கணிதமும் இயற்பியலும் ஐம்பதைச் சுற்றியே நின்றன. இப்போது மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ. கணினி அறிவியல் பொறியியல் படிக்க ஆசை. “டென்த்லயே மார்க் போயிருச்சு, இனி நல்ல காலேஜ் எல்லாம் நினைக்காதே” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா? நீங்கள் கேட்டிருப்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீட் ஒதுக்கும் கணக்கில் பழைய மதிப்பெண் சேருமா என்பது ஒன்று. அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் பலவீனம் பிளஸ் டூவிலும் கூடவே வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விதிகளிலேயே பதில் இருக்கிறது, திட்டவட்டமாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. யாரும் ஜாதகம் கணிக்க முடியாது, ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் துறைக் கல்லூரிகள், அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஆகியவை டி.என்.இ.ஏ. எனப்படும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங் மூலம் நிரப்பப்படுகின்றன. முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பொதுப் பாடப்பிரிவு மாணவர்களுக்குத் தரவரிசை பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றை வைத்துத்தான் போடப்படும். கணிதம் 100-க்கு அப்படியே. மற்ற இரண்டும் பாதியாகி 50, 50. மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 எடுத்தவருக்கு 92 + 44 + 42, ஆக 178 கட்-ஆஃப். இந்த 200-க்குள் தமிழ், ஆங்கிலம் வராது, நீங்கள் விரும்பிப் படிக்கும் கணினி அறிவியல் பாடம்கூட வராது. பத்தாம் வகுப்புக்கும் இடமில்லை. நுழைவுத்தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பிறகு தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் ஒரே அடிப்படை. ஆகவே 318 எடுத்தவரும் 490 எடுத்தவரும் பிளஸ் டூ தேர்வு அறைக்குள் போகும்போது ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பத்தாம் வகுப்பு எட்டிப் பார்க்கும். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் எடுத்தால் யார் முன்னால்? முதலில் கணித மதிப்பெண். மேலே சொன்னவருக்கு 178. கணிதம் 90, இயற்பியல் 90, வேதியியல் 86 எடுத்தவருக்கும் 90 + 45 + 43, அதே 178. கணிதத்தில் 92 எடுத்தவர் முன்னால் போவார். கணிதமும் சமம் என்றால் இயற்பியல். அதுவும் சமம் என்றால் வேதியியலைப் பார்த்துப் பயனில்லை. கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கும்போது மூன்றாவது பாடமும் தானாகவே சமமாகிவிடும். இத்தனையும் சமமான பிறகுதான் பிளஸ் டூ மொத்த விழுக்காடு, பத்தாம் வகுப்பு விழுக்காடு, பிறந்த தேதி, கடைசியாக ரேண்டம் எண் என்று கீழ்ப்படிகள் வருகின்றன. இந்தக் கீழ்ப்படிகளின் வரிசையை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள், அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் அந்தப் பகுதியைப் படித்துக்கொள்ளுங்கள். வரிசை எப்படி இருந்தாலும், மூன்று பாடங்களிலும் உங்களைப் போலவே அச்சு அசலாக மதிப்பெண் வாங்கிய ஒருவரோடு மோதும்போது மட்டும்தான் 318 வெளியே வரும். கட்-ஆஃப் 200-ஐ ஒட்டி நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு இது ஒரு சீட்டை மாற்றலாம். மற்றவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

பிளஸ் ஒன் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2017-18 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். பிளஸ் ஒன்னுக்கு 600, பிளஸ் டூவுக்கு 600 என்று சேர்த்து 1200-க்கு ஒரே சான்றிதழ் என்பதுதான் முதலில் சொன்ன திட்டம். 2018-லேயே அரசு அதை மாற்றி, உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்துவிட்டது. பிறகு 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே கைவிடப்பட்டது. உங்கள் அண்ணனோ அக்காவோ படித்த காலத்துப் பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால்தான் “லெவன்த் மார்க்கும் சேரும்” என்று சிலர் சொல்கிறார்கள். சேராது. ஆனால் பொதுத்தேர்வு இருந்த ஆண்டுகளில் எழுதி, ஏதாவது பாடத்தில் அரியர் வைத்திருப்பவர்கள் அதை முடித்தே ஆக வேண்டும். அது தேர்ச்சி பற்றிய விஷயம், தரவரிசை பற்றியது அல்ல.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது 318 அல்ல, பிளஸ் ஒன்னில் வந்த அந்த ஐம்பதுதான். பதினோராம் வகுப்புக்கு ஏன் பொதுத்தேர்வு வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பல பள்ளிகள் அந்த ஓராண்டை அப்படியே தாண்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அந்த மாணவர்கள் பிளஸ் டூவில் மதிப்பெண்களைக் குவித்துவிட்டு, பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் அரியர் வைத்தார்கள். காரணம் எளிது. வகையிடலும் தொகையிடலும் அறிமுகமாவது பதினோராம் வகுப்பில். பிளஸ் டூவில் வரும் வகைநுண்கணிதப் பயன்பாடுகள், வரையறுத்த தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் அதன் மேல் கட்டிய மாடிகள். முக்கோணவியல் சூத்திரங்கள் கைக்குள் இல்லாமல் தொகையிடலில் பாதிக் கணக்குகளைத் தொடக்கூட முடியாது. வேதியியலில் மோல் கருத்தும் கரிம வேதியியலின் அடிப்படைகளும் பதினொன்றில்தான். ஜே.இ.இ., நீட் இரண்டிலும் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி பதினோராம் வகுப்பு. அந்த மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பாடத்தை எல்லோரும் கேட்பார்கள்.

ஆகவே முதல் ஆறு வாரம் என் யோசனை இதுதான். பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க நேரம் கிடையாது, தேவையும் இல்லை. முக்கோணவியல், எல்லைகளும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் ஆகிய நான்கை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பார்த்துப் புரிந்துகொள்வதும் பார்க்காமல் போடுவதும் ஒன்றல்ல. ஐம்பதில் நிற்கும் மாணவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இங்கேதான். பிறகு பத்தாம் வகுப்பு கணித விடைத்தாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். இயற்கணிதத்தில் அடையாளக்குறி தவறியதா, வடிவியலில் நிறுவத் தெரியவில்லையா, நேரம் போதவில்லையா? முதலாவது என்றால் அது இன்றும் உங்களோடுதான் இருக்கும், தினமும் இருபது நிமிடம் சுருக்கல் கணக்கு போட்டால் சரியாகிவிடும். இரண்டாவது பிளஸ் டூவில் அவ்வளவாகக் குறுக்கே வராது. மூன்றாவது என்றால் கடிகாரம் வைத்து முழுத்தாள் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

மதிப்பெண் எங்கே விலை போகிறது என்பதையும் கணக்கிட்டுப் படியுங்கள். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் முழு ஒன்று; இயற்பியலிலோ வேதியியலிலோ அது அரை. கணிதத்தில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. அதாவது இந்த இரண்டு பாடங்களிலும் நூற்றுக்கு முப்பது, மார்ச் மாதத் தேர்வுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. செய்முறைக் குறிப்பேட்டை அலட்சியமாக விட்டுவிட்டு அங்கே நான்கு மதிப்பெண்ணைத் தொலைத்தால், அதை எழுத்துத் தேர்வில் ஈடுகட்ட எத்தனை கேள்வி கூடுதலாகச் சரியாக எழுத வேண்டும் என்று பாருங்கள். எழுத்துத் தேர்வில் கணிதம் 80, இயற்பியல் 54, வேதியியல் 56 எடுத்து, கணித அக மதிப்பீட்டில் பத்துக்குப் பத்தும் மற்ற இரண்டு பாடங்களிலும் முப்பதுக்கு 29-உம் வாங்கினால் 90 + 41.5 + 42.5, ஆக 174. அதே எழுத்துத் தேர்வில் முப்பதுக்கு 24 வாங்கியவருக்கு 169. ஐந்து மதிப்பெண் இடைவெளிக்குள் தரவரிசையில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள்.

174 எடுத்தால் எந்தக் கல்லூரி என்று அடுத்துக் கேட்பீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் பொதுப்பிரிவு 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும். அது 174-க்கு எட்டாது. ஆனால் கட்-ஆஃப் என்பது கல்லூரிக்கு ஒன்று, பாடப்பிரிவுக்கு ஒன்று, சமூகப் பிரிவுக்கு ஒன்று. பொதுப்பிரிவு, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று ஒவ்வொன்றிலும் கடைசியாக யார் உள்ளே போனார்கள் என்ற பட்டியலை டி.என்.இ.ஏ. இணையதளத்திலேயே ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். ஓராண்டை மட்டும் பார்க்காதீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லா எண்ணும் மேலே போகும், கடினமான ஆண்டில் இறங்கும். கடந்த மூன்று ஆண்டுகளை எடுத்து, மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுங்கள். அது அவ்வளவாக ஆடாது.

இனி பத்தாம் வகுப்பு மதிப்பெண் நேரடியாகக் கணக்காகும் கதவுகள். பாலிடெக்னிக் முதலாண்டுச் சேர்க்கை முழுக்கப் பத்தாம் வகுப்பை வைத்துத்தான். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கிடைக்கும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. கணிதம் இல்லாத குரூப்பில் போய் உட்கார்ந்துவிட்டால் கணினி அறிவியல் பொறியியல் கதவு பெரும்பாலும் அங்கேயே சாத்தப்படுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் கல்லூரி வாய்ப்பைப் பறிப்பது இந்த வழியில்தான். உங்களுக்கு கணித குரூப் கிடைத்துவிட்டது, ஆகவே அந்த ஆபத்தைத் தாண்டிவிட்டீர்கள். கடல் பக்கம் ஆர்வம் இருந்தால் ஆங்கில மதிப்பெண்ணைப் பாருங்கள்: வணிகக் கப்பல் அதிகாரிப் படிப்புகளுக்கும், கடற்படையின் பிளஸ் டூ பி.டெக். நுழைவுக்கும் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடு இருக்க வேண்டும். ‘ஏதாவது ஒன்றில்’ என்பதால் பத்தில் தவறவிட்டவர் பன்னிரண்டில் எட்டிப் பிடித்துக்கொள்ளலாம்.

மற்ற பெரிய நுழைவுகளில் பத்தாம் வகுப்புக்கு வேலை இல்லை. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. இரண்டுக்கும் ஜே.இ.இ. தரவரிசை, அதோடு பிளஸ் டூவில் 75 விழுக்காடு (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) அல்லது உங்கள் வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள் வந்திருக்க வேண்டும். 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு பங்கு இருந்தது. 2017-லிருந்து அதுவும் போய், வெறும் தகுதி வரம்பாக நிற்கிறது. எம்.பி.பி.எஸ்-க்கு நீட் மதிப்பெண்தான். பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் சேர்த்து பொதுப்பிரிவுக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு இருந்தால் தகுதி. வேளாண்மை, கால்நடை மருத்துவம், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்ணில் ஓடுகின்றன.

பழைய மதிப்பெண் நிஜமாகவே கல்லூரிச் சேர்க்கையைத் தீர்மானித்த ஆண்டு ஒன்று உண்டு. 2021-ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 என்று கூட்டி மதிப்பெண் போட்டார்கள். சி.பி.எஸ்.இ. 30, 30, 40 என்று பிரித்தது. அந்த ஆண்டில் பத்தாம் வகுப்பை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் உண்மையாகவே இழந்தார்கள். உங்கள் உறவினர்களின் அச்சம் அங்கிருந்து வந்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது தேர்வே நடத்த முடியாத நிலையில் போட்ட கணக்கு. இன்றைய விதி அதுவல்ல.

வெளிநாடு என்றால் கதை வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண் பதிவையும் கேட்கும். பள்ளித் தேர்வு மதிப்பெண்கூட அங்கே பேசும். பிரிட்டனுக்கு பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பிப்பவர்களுக்குப் பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண் தேவை. அதைப் பள்ளி எதை வைத்துப் போடும்? பதினோராம் வகுப்பு ஆண்டுத் தேர்வையும் அரையாண்டுத் தேர்வையும்தான். மதிப்பெண் ஏறுமுகமாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் எவ்வளவு என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழுவைப் பொறுத்தது. டி.என்.இ.ஏ. போல இரண்டு தசமம் வரை கணக்கிட்டுச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

இன்னும் தொலைவில் இரண்டு இடங்களில் 318 திரும்பவும் வந்து நிற்கும். கல்லூரி கடைசி ஆண்டில் வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல, பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கும். 500-க்கு 318 என்பது 63.6. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள். 70 கேட்கும் நிறுவனமும் உண்டு, அங்கே அடிபடலாம். அதை மாற்ற இனி வழியில்லை, அதனால் மனதில் வைத்துக்கொண்டு மேலே போங்கள். இன்னொன்று எம்.பி.ஏ. அகமதாபாத், பெங்களூரு போன்ற ஐ.ஐ.எம்.கள் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது கேட் (CAT) என்ற எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களுக்கும் புள்ளி தருகின்றன. பொறியியல் கல்லூரி கேட்காத பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மேலாண்மைக் கல்லூரி கேட்கிறது. இப்போது உங்களுக்கு இது அவசரமில்லை, ஆனால் பத்தாம் வகுப்பில் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் சி.பி.எஸ்.இ. என்றால், 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டாவது தேர்வு இருக்கிறது. மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முடியும்.

கடைசியாக, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணைவிட அதிகம் வேலை செய்வது முதல் வரியில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும். எல்லா விண்ணப்பங்களும் அதைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். நீட் எழுத அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கட்-ஆஃப் சமமானால் மூத்தவரைப் பார்ப்பதும் இதே தேதியை வைத்துத்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு எழுத்தில் என்று இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் அது தெரியவரும். அப்போது திருத்த அவகாசம் இருக்காது. பிளஸ் டூ தேர்வர் பட்டியலைப் பள்ளி அனுப்புவதற்கு முன்பு உங்கள் விவரத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குவார்கள். அந்த நாளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோய், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே இருந்தால், தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் டி.என்.இ.ஏ-வுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. நடுவில் ஓராண்டு வெளிமாநிலத்தில் படித்திருந்தால் தேவைப்படும். உங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மே மாதத்தில் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். டிசம்பரிலேயே வாங்கி வைத்துவிட்டால், தேர்வு முடிந்த பிறகு கல்லூரி விருப்பப் பட்டியலைத் தயாரிப்பது மட்டும்தான் மீதி இருக்கும்.